கணிப்பொறியைக் கூட்டி அமைத்தல்

ஆடை வேண்டுவோர் இருவகையாக அதனைப் பெறுவர். கடையில் தைத்து மடித்து வைத்துள்ள சட்டைகளுள் தம் உடலுக்கு ஏறத்தாழ ஒத்து வரும் ஒன்றை எடுத்து அணிவோர் ஒரு சாரார். துணியைத் தாமே தேர்ந்து, தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வோர் மற்றொரு சாரார். மேசைக் கணிப்பொறியையும் இவ்விரு வகையாலும் பெறலாம். ஒரு நிறுவனம் முழுமையாக அமைத்து விற்கும் பொறியை அப்படியே வாங்குவது ஒரு வகை. உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கி, அவற்றைக் கூட்டிப் பொறியாக்கிக்கொள்வது மற்றொரு வகை. பின்னதில் பணம் மிஞ்சும் என்று பலர் எண்ணுவர். மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். அதன் உண்மையான ஊதியம் வேறு. வேண்டாத உறுப்புக்குப் பணம் கொடுக்காமல், வேண்டிய உறுப்புக்கே அதனைச் செலவிடும் உரிமை வாங்குவோர்க்குக் கிடைக்கிறது. அவ்வுரிமையோடு ஒரு பொறுப்பும் உடன் வருகிறது. சட்டை பொருந்தாவிடில் தையற்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். தாமே தேர்ந்த உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் அக்குறையைப் பிறர்மீது சுமத்த இயலாது.

உறுப்புகளை வாங்கிக் கூட்டும் இவ்வழக்கம் எல்லாக் கருவிகளுக்கும் இயல்வதன்று. கைப்பேசியை இவ்வாறு கூட்டி அமைப்போரைக் காண்டல் அரிது. மேசைக் கணிப்பொறிக்கு அது வாய்த்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டின் ஐ.பி.எம். நிறுவனம் 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. புளோரிடா மாநிலத்துப் போகா ரேட்டன் நகரில் ஒரு சிறு குழுவினர் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் அதனை உருவாக்கினர். காலம் குறுகியதாக இருந்தமையின், உறுப்புகள் அனைத்தையும் தாமே செய்ய அவர்கள் முற்படவில்லை. மையச் செயலகத்தை இன்டெல் நிறுவனத்திடமும், இயக்க முறைமையை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமும் பெற்றனர். புதிய அட்டைகளைச் செருகுவதற்கு ஐந்து பொருத்துவாய்களை வைத்தனர். மின்சுற்றுகளின் வரைபடங்களை நூலாகவே அச்சிட்டு விற்றனர். ஆதலின் பிறரும் அப்பொறிக்கேற்ற உறுப்புகளைச் செய்ய முடிந்தது. பொறியைத் துயிலெழுப்பும் தொடக்க நிரல் ஒன்றே ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியுடைமையாக எஞ்சியது. காம்பேக் நிறுவனத்தார் அந்நிரலைப் படியெடுக்காமல், அது செய்யும் பணிகளையே செய்யவல்ல வேறொரு நிரலைப் புதிதாக எழுதி, 1982-ஆம் ஆண்டில் தம் பொறியை அறிவித்தனர். அதன் பின்னர் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் கூடி வாழும் நிலை ஏற்பட்டது. 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை அந்நிலையை உறுதிப்படுத்தியது. தாய்ப்பலகையின் நீளம் 305 மில்லிமீட்டர், அகலம் 244 மில்லிமீட்டர் என்றும், திருகுத் துளைகள் இன்ன இன்ன இடங்களில் அமைய வேண்டும் என்றும் வரையறை ஏற்பட்டது. ஒரு நாட்டில் செய்த பலகையை மற்றொரு நாட்டில் செய்த பெட்டியில் திருகி நிறுத்தலாயிற்று.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவ்வுறுப்புகளைக் கடைதோறும் காணலாம். தில்லியின் நேரு பிளேசும் பெங்களூரின் எஸ்.பி. சாலையும் அத்தகைய அங்காடிகளே. அங்குச் செல்வோர் நூலில் வழங்கும் பெயரோடு கடையில் வழங்கும் பெயரையும் அறிந்திருத்தல் நன்று. மையச் செயலகத்தைப் பிராசசர் என்றும், தாய்ப்பலகையை மதர்போர்டு என்றும், நினைவகத்தை ராம் என்றும், பெட்டியைக் கேபினட் என்றும், மின்வழங்கியை எஸ்.எம்.பி.எஸ். என்றும் வணிகர் வழங்குவர்.

கடைக்குப் புறப்படுமுன் வீட்டிலிருந்தே விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு. இப்பொறி யாது செய்யப் போகிறது? கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பாடங்களைப் படிக்கவும் மட்டும் பயன்படும் பொறிக்கு விலையுயர்ந்த வரைகலை அட்டை தேவையில்லை. கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களை வரைவோர்க்கும், திரைப்படக் காட்சிகளைத் தொகுப்போர்க்கும் அது பெரிதும் வேண்டுவது. பணியை அறிந்தால் அதற்குரிய மென்பொருள் தெரியும். மென்பொருள் தெரிந்தால் அஃது எந்த இயக்க முறைமையில் இயங்கும் என்பது தெரியும். அதன் பிறகே உறுப்புகளைப் பற்றி எண்ணுதல் முறை. பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, உறுப்புகளையெல்லாம் வாங்கிக் கூட்டிய பின்னரே இயக்க முறைமையைப் பற்றி நினைக்கின்றனர்.

இயக்க முறைமை என்பது உறுப்புகளுக்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, கோப்புகளைக் காத்து, விசைப்பலகை முதல் அச்சுப்பொறி வரை அனைத்தையும் ஆளும் அடிப்படை நிரல் தொகுதியாகும். கூட்டி அமைக்கும் பொறிக்கு ஏற்றவையாக இரண்டு வகைகளே பெரிதும் வழக்கில் உள்ளன. ஆப்பிள் நிறுவனத்தின் முறைமையை அந்நிறுவனத்தின் பொறியில் மட்டுமே நிறுவ அதன் உரிமம் இடந்தருகிறது. ஆதலின் அதனை இங்கு விட்டுவிடலாம். எஞ்சியவை விண்டோஸ், லினக்ஸ் என்பன.

விண்டோஸ் விலை கொடுத்து உரிமம் பெற வேண்டியது. கணக்கர் பலர் கையாளும் டாலி முதலிய மென்பொருள்கள் அதற்கென்றே எழுதப்பட்டவை; அவற்றை நம்பித் தொழில் செய்வோர்க்கு வேறு வழி தேடுதல் வீண் உழைப்பாகும். 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, குறைந்த அளவாக 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டுகிறது. 4 ஜி.பி. நினைவகத்தில் அஃது இயங்கும் என்பது உண்மையே. ஒருவர் ஒற்றைக் காலில் நடக்க முடியும் என்பதைப் போன்ற உண்மை அது. பழைய உறுப்புகளை மலிவாக வாங்குவோர் டி.பி.எம். அமைப்பு அவற்றில் உண்டா என்பதை முதலில் ஆராய வேண்டும். முந்திய பதிப்பாகிய விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

உரிமம் இல்லாத படியைப் பொறியில் ஏற்றித் தருவதாகக் கூறும் கடைக்காரரும் உளர். அது சட்டத்திற்கு மாறானது என்பது ஒருபுறம் இருக்க, அத்தகைய படிகள் பலவற்றில் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் வழியையே அடைத்துவிடுகின்றனர். திருத்தம் பெறாத பொறிக்கு நேரக்கூடிய கேடு சிறிதன்று. விண்டோஸில் இருந்த ஒரு குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்டது. இரண்டு திங்கள் கழித்து, மே 12-ஆம் நாள், வான்னாகிரை என்னும் தீய நிரல் அக்குறை வழியாகவே புகுந்து, திருத்தம் ஏற்காதிருந்த பொறிகளில் கோப்புகளையெல்லாம் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அறுவை மருத்துவங்கள் நிறுத்தப்பட்டன. திருத்தம் ஆயத்தமாக இருந்தும் அதனை ஏற்காமையே அவ்வளவு துன்பத்திற்கும் இடந்தந்தது.

உரிமத்திலும் இரு வகை உண்டு. ஒன்று விலை குறைந்தது. முதலில் நிறுவிய தாய்ப்பலகையோடு பிணைந்துவிடுவது. மற்றொன்று விலை மிகுந்தது. பழைய பொறியிலிருந்து நீக்கிப் புதிய பொறிக்கு மாற்றிக்கொள்ளத்தக்கது. உறுப்புகளை அவ்வப்போது மாற்ற எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதன் கருவை எழுதி வெளியிட்டார். பின்னர் உலகெங்கும் உள்ள நிரலர்கள் அதனை வளர்த்தனர். அக்கருவைக் கொண்டு டெபியன், உபுண்டு, மின்ட் எனப் பல தொகுப்புகள் எழுந்தன. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தார் உருவாக்கிய பாஸ் என்பதும் அவற்றுள் ஒன்று. உபுண்டுவின் நெடுநாள் ஆதரவுப் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அதற்கு ஐந்தாண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். இத்தொகுப்புகள் பலவற்றைச் சிறு நினைவுக்கோலில் எழுதி, பொறியில் நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். நண்பர் ஒருவரின் பொறியில் அவ்வாறு இயக்கி, வேண்டிய மென்பொருள்கள் உள்ளனவா என்று கண்ட பின்னர் முடிவு செய்தல் நன்று. லினக்ஸை மேற்கொள்வோர் உறுப்புத் தேர்விலும் சிறிது கருத்துச் செலுத்த வேண்டும். ஏ.எம்.டி., இன்டெல் நிறுவனங்களின் வரைகலை உறுப்புகளுக்கு வேண்டிய இயக்கிகள் லினக்ஸிலேயே அடங்கியுள்ளன. என்விடியாவின் அட்டைகளுக்குப் பெரும்பாலும் தனி இயக்கியை நிறுவ வேண்டும். கம்பியில்லா இணைப்புக் கருவிகளுள் சில லினக்ஸுக்கு இணங்குவதில்லை. தமிழில் தட்டெழுதுவோர்க்கு இரண்டிலும் குறையில்லை. 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்பளித்த தமிழ் 99 விசைப்பலகை முறை இரண்டிலும் உண்டு.

இனி உறுப்புகள். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போர், ஒன்றிரண்டு குறைந்தாலும் மனம் ஒப்பி நடத்திவிடுவர். கணிப்பொறி அத்துணை இரக்கம் உடையதன்று.

முதற்பொருத்தம் மையச் செயலகத்திற்கும் தாய்ப்பலகைக்கும் இடையே உள்ளது. செயலகம் அமரும் பொருத்துவாய்க்குப் பெயர் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஏ.எம். 4 பொருத்துவாயில் அமரும் செயலகத்தின் அடியில் 1,331 ஊசிகள் உள்ளன. 2022-இல் வந்த ஏ.எம். 5 பொருத்துவாயில் ஊசிகள் பலகைக்கு மாறிவிட்டன. தொடுமுனைகள் 1,718 ஆயின. ஒன்றற்குரிய செயலகம் மற்றொன்றில் அமராது. இன்டெல் செயலகங்களுக்கும் இவ்வாறே தனித்தனிப் பொருத்துவாய்கள் உண்டு. பெயரில் ஓரெழுத்து மாறினாலும் பயன் மாறிவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. இன்டெல் மேசைக் கணிப்பொறிச் செயலகம் ஒன்றன் எண்ணின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து இருப்பின், அதனுள் வரைகலைப் பகுதி இல்லை என்பது பொருள். விலை சற்றுக் குறைந்திருப்பது கண்டு அதனை வாங்கி, தனி வரைகலை அட்டையும் வாங்காது விட்டவரின் பொறியில் விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் தோன்றாது.

நினைவகத்தில் வேறொரு மயக்கம் உண்டு. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் இரு தலைமுறைகளும் ஒரே நீளம் உடையவை. இரண்டிலும் தொடுமுனைகள் 288. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் அடிவிளிம்பில் உள்ள வெட்டு இடம் மாறி அமைந்துள்ளது. தவறான பலகையில் செருகாதவாறு அவ்வெட்டே தடுக்கிறது. வலிந்து அழுத்துவோர்க்கு அந்தத் தடையும் பயன்படாது, பொருத்துவாய் முறிந்துவிடும். ஏ.எம். 4 பலகைகள் டி.டி.ஆர். 4 நினைவகத்தையும், ஏ.எம். 5 பலகைகள் டி.டி.ஆர். 5 நினைவகத்தையும் மட்டுமே ஏற்கும். மொத்தம் 16 ஜி.பி. வேண்டுவோர் 16 ஜி.பி. துண்டு ஒன்றை வாங்குவதினும் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டை வாங்கிப் பொருத்துதல் சிறப்பு. அப்போது செயலகம் இரு வழிகளிலும் ஒருங்கே தரவைப் பெற்றுக்கொள்ளும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை, பழைய பொறி ஒன்றன் வேகத்தைக் கூட்டுவதற்கும் இதைவிடச் சிறந்த உறுப்பு இல்லை எனலாம். வன்தட்டு என்பது சுழலும் தகடு. நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை அது சுழல்கிறது. வேண்டிய தரவு படிக்கும் முனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அது நொடியின் ஆயிரத்தில் நான்கு கூறு. மனிதர்க்கு அஃது இமைப்பொழுதினும் சிறிது. நொடிக்குப் பல நூறு கோடித் துடிப்புகள் துடிக்கும் செயலகத்திற்கோ நெடிய காலம். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு யாதும் இல்லை. ஆதலின் அக்காத்திருப்பும் இல்லை. சாட்டா இணைப்பின் வழியாக அது நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு அளவு தரும், என்.வி.எம்.இ. வகையாயின் 3,500 மெகாபைட்டும் அதற்கு மேலும் தரும். இங்கும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். எம். 2 என்னும் குறுகிய பொருத்துவாயில் இவ்விரு வகைத் துண்டுகளும் வருகின்றன. சில பலகைகள் ஒருவகையை மட்டுமே அறியும். இயக்க முறைமையை எஸ்.எஸ்.டி.யில் வைத்து, படங்களையும் காணொளிகளையும் விலை மலிந்த வன்தட்டில் வைத்துக்கொள்வது சிக்கனமான ஏற்பாடு.

வாங்குவோர் பெரிதும் புறக்கணிப்பது மின்வழங்கியை. பெட்டியோடு இலவசமாக வருவதே போதும் என்று அமைந்துவிடுவர். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி எல்லா உறுப்புகளுக்கும் ஊட்டுவது அதுவே. செயலகம் கெட்டால் செயலகம் மட்டும் போகும்; மின்வழங்கி கெடும்போது உடன் பலவற்றையும் அழைத்துச் செல்லக்கூடும். எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கூட்டல் கணக்கால் அறியலாம். செயலகத்திற்கு 90, வரைகலை அட்டைக்கு 165, பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் ஆகியவற்றிற்கு 60 என்று கொண்டால், மொத்தம் 315 வாட் ஆகும். இதற்கு நம்பத்தக்க 500 வாட் மின்வழங்கி தாராளமாகப் போதும். தனி வரைகலை அட்டை இல்லையேல் 400 வாட்டும் மிகையே. 1,000 வாட் வாங்கினால் பொறி விரைந்து ஓடும் என்பது தவறான எண்ணம்.

திறனையும் நோக்க வேண்டும். 300 வாட் தரும் மின்வழங்கியின் திறன் நூற்றுக்கு 80 ஆயின், அது சுவரிலிருந்து 375 வாட் இழுக்கும். எஞ்சிய 75 வாட் வெப்பமாகிப் பெட்டியைச் சுடும். திறன் 90 ஆயின், இழுப்பது 333 வாட்டே; வீணாவது 33. 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் என்னும் தரச்சான்று இத்திறனைக் குறிப்பது. நிலத்தொடர்பு உள்ள மூன்றுமுனைச் செருகியிலேயே பொறியை இணைக்க வேண்டும் என்பதும், மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் யு.பி.எஸ். கருவி ஆடம்பரம் அன்று என்பதும் சொல்லாமலே விளங்கும்.

பெட்டியின் அழகு, நிறம், வண்ண விளக்குகள் ஆகியவற்றிற்கு விற்பனையாளர் தரும் இடம் பெரிது. காற்று முன்புறம் புகுந்து பின்புறம் வெளியேற வழி உண்டா என்பது ஒன்றே அதில் பார்க்கத்தக்கது. செயலகத்தின் வெப்பம் 100 பாகை செல்சியசை அணுகும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடையில், தூசி அடைத்த பெட்டியில், விலையுயர்ந்த செயலகமும் மலிவான செயலகம்போலவே நடந்துகொள்ளும்.

விலை நிலையானது அன்று. 2011-ஆம் ஆண்டில் தாய்லாந்து நாட்டில் பெருவெள்ளம் தொழிற்சாலைகளுள் புகுந்தது. உலகின் வன்தட்டுகளில் கணிசமான பகுதி அங்கிருந்து வந்தமையால், சில வாரங்களில் எல்லா நாடுகளிலும் அவற்றின் விலை ஏறிவிட்டது. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை அறிவுப் பணிகளுக்கான பெருங்கூடங்கள் நினைவகத்தை மிகுதியாக வாங்கியமையால், அதன் விலை பெரிதும் உயர்ந்தது. ஆகையால் முந்திய ஆண்டில் ஒருவர் எழுதி வைத்த பட்டியலை அப்படியே பின்பற்றுதல் கூடாது. வாங்கும் ஒவ்வோர் உறுப்பிற்கும் எண் குறித்த விலைச்சீட்டைப் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. கூட்டி அமைத்த பொறிக்கு முழுமையான உறுதிப்பத்திரம் இல்லை. ஒவ்வோர் உறுப்பிற்கும் தனித்தனி உறுதியே உண்டு.

கூட்டும் வேலை அஞ்சத்தக்கதன்று. உலர்ந்த நாளில் உடலில் தங்கும் நிலைமின்சாரமே இங்கு மறைந்து நிற்கும் பகை. சுருக்கென்று கைக்குத் தெரியும் அளவை எட்டுமுன்னரே அது நுண்சுற்றுகளைக் கெடுக்கவல்லது. ஆதலின் பெட்டியின் உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொள்ள வேண்டும். செயலகத்தையும் நினைவகத்தையும் தாய்ப்பலகையில் அமர்த்தி, அட்டைப்பெட்டியின் மேல் வைத்தே ஒருமுறை இயக்கிப் பார்ப்பது பட்டறிவுடையோர் வழக்கம். குறை இருப்பின் அங்கேயே தெரிந்துவிடும். பின்னர்ப் பெட்டியில் பொருத்தும்போது, பலகையின் அடியில் சிறு பித்தளைத் தாங்கிகளை மறவாது வைக்க வேண்டும். அவை இன்றேல் பலகை உலோகத்தின்மீது படிந்து குறுக்குச்சுற்று ஏற்படும்.

நன்கு தேர்ந்த பொறியை நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் முற்றிலும் ஒதுக்க வேண்டுவதில்லை. 2017-இல் வாங்கப்பெற்ற ஏ.எம். 4 பலகைகள் பலவற்றில், 2020-இல் வெளிவந்த செயலகங்களையும் பின்னர்ப் பொருத்த இயன்றது. பெட்டி, மின்வழங்கி, சேமிப்பகம் யாவும் அப்படியே இருக்க, ஒரே ஓர் உறுப்பின் விலையில் பொறி புத்துயிர் பெற்றது. ஆனால், பழைய பலகை புதிய செயலகத்தை இனங்கண்டுகொள்ள அதன் தொடக்க நிரலைப் புதுப்பித்தாக வேண்டும்; பெரும்பாலான பலகைகளில் அதனைப் பழைய செயலகம் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். 2018-இல் புதிய செயலகத்தையும், கடையில் நெடுநாள் தங்கிய பலகையையும் ஒருசேர வாங்கியோர் பலர், புதுப்பிக்கப் பழைய செயலகம் இன்றித் திகைத்தனர். அத்தகையோர்க்கு ஏ.எம்.டி. நிறுவனமே ஒரு செயலகத்தைக் கடனாக அனுப்பி வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது.